டீசல்: ஒரு குடும்பப்பெயர் சொல்லான வரலாறு

பாடம் 7 – உரைநடை

நுழையும்முன்

எரிபொருள் நிலையத்தில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். அவ்விடத்தைத் தமிழ்நாட்டில் பெட்ரோல் பங்க் என்பர். வடமாநிலங்களில் பெட்ரோல் பம்ப் என்பர். இரண்டு இடங்களிலும் ஊழியர் கேட்கும் கேள்வி ஒன்றே: "பெட்ரோலா, டீசலா?" இவ்விரு சொற்களுள் பெட்ரோல் என்பது ஒரு பொருளின் பெயர். டீசல் என்பதோ ஒரு மனிதரின் பெயர். நாள்தோறும் கோடிக்கணக்கான மக்கள் அப்பெயரைச் சொல்கின்றனர். ஆயினும் அவரை நினைப்பவர் மிகச் சிலரே. ஒருவரின் பெயர் எவ்வாறு ஊரார் வாயில் வழங்கும் சொல்லாகிறது? அவ்வாறு ஆகும்போது அப்பெயர் எவற்றைப் பெறுகிறது, எவற்றை இழக்கிறது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

குடும்பப்பெயர் என்பது யாது?

மாணவர்களே, பள்ளியில் சேரும்போது நிரப்பப்படும் படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்கள் இருத்தலைக் கண்டிருப்பீர்கள். நம்முள் பலருக்குக் குடும்பப்பெயர் என ஒன்று இல்லை. தமிழ் மக்கள் தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ தலைப்பெழுத்தாகச் சுருக்கித் தம் பெயருக்கு முன் இடுவது வழக்கம். பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் அக்கட்டத்தை நிரப்புவதற்காகத் தந்தையின் பெயரையே குடும்பப்பெயராக எழுதுகின்றனர். இதனால் வகுப்பில் ஆசிரியர் அழைக்கும்போது சில வேளைகளில் மாணவரின் பெயருக்கு மாறாகத் தந்தையின் பெயர் ஒலிப்பதும் உண்டு.

ஐரோப்பிய நாடுகளில் நிலைமை வேறு. அங்குக் குடும்பப்பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் தொடரும். தாத்தா, தந்தை, மகன், மகள் அனைவருக்கும் அது பொதுப்பெயர். ஆகவே, ஒருவர் புதியதொரு கருவியைச் செய்து புகழ்பெற்றால், மக்கள் அக்கருவியை அவருடைய முதற்பெயரால் அழைப்பது அரிது, குடும்பப்பெயராலேயே அழைப்பர். ரூடால்ஃப் என்னும் பெயரால் எந்தப் பொறியும் வழங்கவில்லை. டீசல் என்னும் பெயரால் உலகெங்கும் பொறிகள் ஓடுகின்றன.

பெயருக்கு உரியவர்

ரூடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் செருமனியின் பவேரியப் பகுதியிலிருந்து பிழைப்புக்காகப் பாரிஸ் சென்று குடியேறியவர்கள். தந்தை புத்தகம் கட்டும் தொழிலும் தோற்பொருள் செய்யும் தொழிலும் அறிந்தவர். வீட்டில் ஒரு மொழி, தெருவில் வேறொரு மொழி என்னும் சூழலில் அச்சிறுவர் வளர்ந்தார். வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு இப்பாடத்தைப் படிக்கும் உங்களுக்கு அந்நிலை புதிதன்று.

1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே போர் மூண்டது. பாரிசில் வாழ்ந்த செருமானியக் குடும்பங்கள் நகரைவிட்டு வெளியேற நேர்ந்தது. டீசலின் குடும்பம் இலண்டனுக்குச் சென்றது. வறுமை அவர்களை வாட்டியது. பன்னிரண்டு வயதே நிரம்பிய ரூடால்ஃபைப் பெற்றோர் செருமனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பிவைத்தனர். பெற்றோரின் சொந்த நாடே அச்சிறுவருக்கு அறியாத நாடாக இருந்தது. அங்கே அவர் தொழிற்கல்வி கற்றார். பின்னர் மியூனிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். குளிரூட்டும் கருவிகளில் வல்லவரான பேராசிரியர் கார்ல் ஃபான் லிண்டே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

அக்காலத்தில் தொழிற்சாலைகளை இயக்கியது நீராவிப் பொறி. எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் மிகச் சிறு பங்கே அதில் வேலையாக மாறியது, எஞ்சியது வீணாயிற்று. அன்றியும், நீராவிப் பொறி பெரிது, விலை மிகுந்தது. பெருமுதலாளிகளால் மட்டுமே அதனை வாங்க இயன்றது. சிறு பட்டறை வைத்துப் பிழைக்கும் கைவினைஞர்கள் அவர்களோடு போட்டியிட முடியாமல் நலிந்தனர். குறைந்த எரிபொருளில் மிகுந்த வேலை செய்யும் பொறி ஒன்று வேண்டும். அது சிறு தொழிலாளர்க்கும் பயன்பட வேண்டும் என்பது டீசலின் எண்ணம்.

அவர் செய்த பொறி

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பைச் சிறிது நேரம் விரைவாக அடித்தபின் அதன் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அழுத்தினால் அது வெப்பமடையும் என்பதே காரணம். இவ்வெளிய உண்மையின்மேல்தான் டீசல் தம் பொறியை அமைத்தார்.

பெட்ரோல் பொறியில் எரிபொருளைப் பற்றவைக்க மின்சாரத் தீப்பொறி வேண்டும். டீசல் பொறியில் அது வேண்டுவதில்லை. அதன் உருளைக்குள் காற்று மட்டும் முதலில் இழுக்கப்படுகிறது. அக்காற்றை உந்துதண்டு ஏறத்தாழ 14 முதல் 22 மடங்கு வரை அழுத்திச் சுருக்குகிறது. அப்போது காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியசைக் கடக்கிறது. அந்நிலையில் எரிபொருளைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொண்டு எரிகிறது. அந்த எரிதலின் விசை உந்துதண்டைத் தள்ளுகிறது, சக்கரம் சுழல்கிறது.

எண்ணம் எளிது, செயல் அரிது. 1892ஆம் ஆண்டு டீசல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு தம் கொள்கையை விளக்கி நூல் ஒன்றை வெளியிட்டார். அந்நூலின் தலைப்பில் அவர் தம் பெயரைப் பொறிக்கு இடவில்லை. அறிவுக்கு இசைந்த வெப்பப் பொறி என்னும் பொருள்பட அதனைக் குறித்தார். ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையில் ஆய்வுகள் தொடங்கின. 1893 ஆகஸ்ட் 10ஆம் நாள் முதல் மாதிரிப் பொறியில் எரிபொருள் தானே பற்றியது. ஆனால் அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரியில் பொறி ஏறத்தாழ ஒரு நிமிடம் தானே ஓடியது. 1897 பிப்ரவரி 17ஆம் நாள் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அப்பொறியை முறைப்படி ஆய்ந்தார். எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 26.2 பங்கை அது வேலையாக மாற்றியது. அக்கால நீராவிப் பொறிகள் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவையே எட்டின. நான்கு ஆண்டு முயற்சிக்குக் கிடைத்த வெற்றி இது.

தெரிந்து தெளிவோம்

1900ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் டீசல் வகைப் பொறி ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. டீசல் என்னும் பெயர் இன்று மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய ஒரு கனிம எண்ணெயைக் குறிக்கிறது. ஆனால் அப்பெயருக்கு உரிய பொறி, தாவர எண்ணெயிலும் ஓடவல்லதாகவே தொடக்கத்தில் விளங்கியது.

ஆங்கிலத்தில் ஒரு பெயரின் பல பயன்கள்

மக்கள் நாவில் அப்பொறி டீசல் பொறி ஆயிற்று. அதன்பின் அப்பெயர் ஓரிடத்தில் நிற்கவில்லை. இன்றைய ஆங்கிலத்தில் அஃது எத்தனை வகையாக வழங்குகிறது என்பதை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, அடைமொழி. டீசல் எஞ்சின், டீசல் ஜெனரேட்டர், டீசல் டிரெயின் என்பவற்றில் டீசல் என்பது அடுத்து வரும் பெயரின் வகையை உணர்த்துகிறது. மின்சாரம் நின்றவுடன் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உறுமத் தொடங்கும் டி.ஜி. செட் என்பதில் உள்ள டி என்னும் எழுத்தும் இப்பெயரின் சுருக்கமே.

இரண்டாவது, எரிபொருள். பொறியின் பெயர் அதில் எரியும் எண்ணெய்க்கு ஆயிற்று. இதுவே இன்று மிகப் பரவலான பொருள். எண்ணெய், பால், மணல் முதலியவற்றை ஒன்று, இரண்டு என எண்ண இயலாது, அளக்கவே இயலும். ஆகவே இப்பொருளில் வரும்போது ஆங்கிலத்தில் இச்சொல்லின் முன் 'எ' என்னும் சிறுசொல் வருவதில்லை.

மூன்றாவது, வண்டி. "ஹி பாட் எ டீசல்" என்றால், அவர் டீசலில் ஓடும் மகிழுந்து ஒன்றை வாங்கினார் என்பது பொருள். இங்கே 'எ' வந்துவிட்டது. பன்மையில் 'டீசல்ஸ்' என்றும் கூறுவர். இரயில் ஆர்வலர்கள் இச்சொல்லாலேயே டீசல் இரயில் எஞ்சினைக் குறிப்பர். 'எ' என்னும் ஒரு சிறுசொல், எண்ணெயையும் வண்டியையும் பிரித்துக் காட்டுவதைக் கருதுக.

நான்காவது, வினை. பெட்ரோல் வண்டியின் சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும், உருளையின் சூட்டால் எரிபொருள் தானே பற்றி எஞ்சின் சிறிது நேரம் குலுங்கி ஓடுவது உண்டு. பெட்ரோல் பொறி டீசல் பொறியைப்போல நடந்துகொள்வதால், இதனை 'டீசலிங்' என்பர். மனிதரின் பெயர் இங்கே ஒரு செயலின் பெயராகிவிட்டது.

ஐந்தாவது, ஒட்டுகள் சேர்ந்த சொற்கள். நீராவி எஞ்சின்களை நீக்கி டீசல் எஞ்சின்களைப் புகுத்துதல் 'டீசலைசேஷன்' ஆயிற்று. தாவர எண்ணெயிலிருந்தும் பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்தும் ஆக்கப்படும் எரிபொருள் 'பயோடீசல்' ஆயிற்று. முன்னும் பின்னும் ஒட்டு ஏற்கும் சொல் அம்மொழியில் வேரூன்றிய சொல் எனலாம்.

ஆறாவது, பேச்சுவழக்கு. அமெரிக்கக் கொச்சை வழக்கில் கட்டுமஸ்தான உடலுடையவரை 'டீசல்' என்பர். சுமையுந்தின் வலிமை மனிதருக்கு ஏற்றிச் சொல்லப்படுகிறது. மனிதர் பெயர் பொறிக்குச் சென்று, பொறியின் இயல்பு மீண்டும் மனிதரிடம் வந்தது.

ஏழாவது, மீண்டும் பெயர். இத்தாலியில் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆடை நிறுவனம் ஒன்று இச்சொல்லைத் தன் பெயராகக் கொண்டது. திரைப்படங்களில் மகிழுந்துகளை விரைந்து ஓட்டும் நடிகர் வின் டீசலை நீங்கள் அறிவீர்கள். அவருடைய இயற்பெயர் மார்க் சின்கிளேர். டீசல் என்பது அவர் பிறந்த குடும்பத்தின் பெயரன்று. அவர் பூண்ட பெயர். குடும்பப்பெயர் சொல்லாகி, அச்சொல் மறுபடியும் குடும்பப்பெயரின் இடத்தில் வந்து அமர்ந்த விந்தை இது.

பெரிய எழுத்தும் திணையும்

ஒரே சொல் மனிதரையும் எண்ணெயையும் குறித்தால் குழப்பம் நேராதோ? ஆங்கிலம் அதற்கு ஒரு வழி வைத்துள்ளது. மனிதரின் பெயராயின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகவும், பொருளின் பெயராயின் சிறிய எழுத்தாகவும் எழுதுவர். சிறப்புப்பெயர் பொதுப்பெயராக மாறும்போது அதன் முதலெழுத்து சிறுத்துவிடுகிறது. ஒருவரின் பெயருக்கு இது பெருமையா, சிறுமையா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. ஆயினும் தமிழ் மயங்குவதில்லை. கீழ்வரும் தொடர்களை நோக்குக.

டீசல் பாரிசில் பிறந்தார்.
டீசல் வழியிலேயே தீர்ந்தது.

முதல் தொடரில் உள்ளவர் மனிதர். இரண்டாம் தொடரில் உள்ளது எண்ணெய். இதனை நமக்கு உணர்த்தியது எது? 'பிறந்தார்' என்னும் வினைமுற்றின் 'ஆர்' விகுதி உயர்திணையைக் காட்டியது. 'தீர்ந்தது' என்பதன் இறுதி அஃறிணையைக் காட்டியது. ஆங்கிலம் சொல்லின் தலையில் வைத்த அடையாளத்தைத் தமிழ் தொடரின் இறுதியில் வைத்திருக்கிறது. ஆங்கில அடையாளம் கண்ணுக்கு மட்டுமே புலப்படும். ஒருவர் பேசக் கேட்கும்போது பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் தெரியா. தமிழின் அடையாளமோ காதுக்கும் புலப்படும். திணை பிழையாமல் வினைமுற்றை முடிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் பயன் இங்கே விளங்குகிறது.

கற்கண்டு: ஆகுபெயர்

ஒன்றன் இயற்பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு மரபாக ஆகிவருவதை நம் இலக்கண நூலார் ஆகுபெயர் என்றனர். நன்னூல் இதன் வகைகளை விரித்துக் கூறுகிறது. அவற்றுள் இப்பாடத்துக்கு வேண்டியவை இரண்டு.

கருத்தாவாகுபெயர்: செய்தவரின் பெயர் அவர் செய்த பொருளுக்கு ஆகிவருவது. 'திருவள்ளுவரைப் படித்தேன்' என்னும் தொடரில் திருவள்ளுவர் என்னும் பெயர் அவர் இயற்றிய திருக்குறளை உணர்த்துகிறது. அதுபோல, 'கப்பலில் இருப்பது டீசல்' என்று பொறியைச் சுட்டிக் கூறினால், செய்தவர் பெயர் செய்யப்பட்ட பொறிக்கு ஆயிற்று.

சினையாகுபெயர்: உறுப்பின் பெயர் முழுப்பொருளுக்கு ஆகிவருவது. 'தலைக்கு ஒரு பழம் கொடு' என்னும் தொடரில் தலை என்னும் உறுப்பு ஆளை உணர்த்துகிறது. அதுபோல, 'எங்கள் வண்டி டீசல்' என்னும்போது வண்டியின் உறுப்பாகிய பொறியின் பெயர் வண்டி முழுமைக்கும் ஆயிற்று.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மனிதர் பெயர் முதலில் பொறிக்கு ஆகி, அப்பொறியின் பெயர் பின்னர் வண்டிக்கு ஆயிற்று. இரண்டு படி கடந்த இதனை இருமடியாகுபெயரோடு ஒப்பிடலாம். 'புளி முளைத்தது' என்பது இருமடியாகுபெயருக்கு மரபான எடுத்துக்காட்டு. புளி என்னும் சுவையின் பெயர் பழத்துக்கு ஆகி, பழத்தின் பெயர் மரத்துக்கு ஆயிற்று.

மூன்று படி கடந்ததும் உண்டு. 'கார் அறுத்தான்' என்னும் தொடரைப் படித்தவுடன் மகிழுந்தை யாரோ அறுத்தார் என எண்ண வேண்டா! கார் என்பது கருமை நிறம். அது கரிய மேகத்துக்கு ஆயிற்று. மேகத்தின் பெயர் மழைக்காலத்துக்கு ஆயிற்று. மழைக்காலத்தின் பெயர் அக்காலத்தில் விளையும் நெற்பயிருக்கு ஆயிற்று. இது மும்மடியாகுபெயர்.

நினைவிற்கொள்க: 'டீசல் பொறி' எனப் பொறி என்னும் சொல் வெளிப்படையாக வந்தால் அஃது ஆகுபெயரன்று. டீசல் என்னும் சொல் தனித்து நின்று வேறொரு பொருளை உணர்த்தும்போதே ஆகுபெயர்த் தன்மை பெறும்.

தமிழுக்குள் வந்த டீசல்

தமிழில் ட என்னும் எழுத்து சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ஆகவே டீசல் என்னும் சொல்லைக் கண்டவுடனே அது பிறமொழிச் சொல் என அறியலாம். ஆயினும் அது நம் மொழியின் வேற்றுமை உருபுகளைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது. டீசலை ஊற்றினார், டீசலால் ஓடுகிறது, டீசலுக்குப் பணம் கொடுத்தார், டீசலின் விலை உயர்ந்தது, டீசலில் தண்ணீர் கலந்தது. வந்த விருந்தினர் நம் வீட்டு முறைப்படி உண்டு பழகியதைப் போன்றது இது.

ஆனால் எல்லா இடத்திலும் அப்பெயர் நுழையவில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிணற்றுநீர் இறைக்கப் பயன்பட்ட டீசல் பொறியை உழவர்கள் 'ஆயில் எஞ்சின்' என்றே அழைத்தனர். உங்கள் தாத்தா, பாட்டியைக் கேட்டால் அதன் ஒலியையும் மணத்தையும் நினைவுகூர்ந்து சொல்வார்கள். சிறு தொழிலாளர்க்கு உதவ வேண்டும் என்று டீசல் கண்ட கனவு அக்கிணற்றடியில் ஓரளவு நனவாயிற்று. ஆனால் அவர் பெயர் மட்டும் அங்கே ஒலிக்கவில்லை.

பெயரின் புகழும் பழியும்

டீசல் தம் பெயரின் நீண்ட பயணத்தைக் காண வாழவில்லை. 1912ஆம் ஆண்டு செலாண்டியா என்னும் டேனிய நாட்டுக் கப்பல் டீசல் பொறிகளின் விசையால் பெருங்கடலைக் கடந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, அவர் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் நீராவிக் கப்பலில் ஏறி இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டார். மறுநாள் காலை அவர் தம் அறையில் இல்லை. சில நாள்கள் கழித்துக் கடலில் கண்டெடுக்கப்பட்ட உடலொன்றிலிருந்த பொருள்களை அவருடைய மகன் தம் தந்தையுடையவை என அடையாளம் காட்டினார். அப்போது டீசலின் வயது 55. அவர் பெருங்கடனில் ஆழ்ந்திருந்தார். அவர் இறந்த வகை இன்றளவும் தெளிவாகவில்லை.

டீசல் பொறி பொருத்திய மகிழுந்தைப் பென்ஸ் நிறுவனம் 1936ஆம் ஆண்டில் மக்களுக்குக் காட்டியது. இந்தியாவில் வாரணாசியில் அமைந்த டீசல் இரயில் எஞ்சின் தொழிலகத்தின் முதல் எஞ்சின் 1964ஆம் ஆண்டு வெளிவந்தது. உங்கள் பெற்றோர் பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் ஏறிவந்த இரயில்கள் பலவற்றை அத்தொழிலகத்தின் எஞ்சின்கள் இழுத்திருக்கும். புலம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்த ஒருவரின் பெயர் எத்தனையோ குடும்பங்களின் புலம்பெயர்வுக்குத் துணைநின்றது.

எனினும், சொல்லாகிவிட்ட பெயர் புகழை மட்டும் சுமப்பதில்லை. டீசல் வண்டிகளின் புகையில் உள்ள நுண்துகள்களும் நைட்ரசன் ஆக்சைடுகளும் நுரையீரலுக்குத் தீங்கு செய்வன. தில்லியிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் பத்தாண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. செய்தித்தாள்களில் இன்று டீசல் என்னும் சொல் புகை, மூச்சுத்திணறல், தடை என்னும் சொற்களோடு சேர்ந்து வருகிறது. எரிபொருள் வீணாவதைக் குறைக்க விரும்பிய ஒருவரின் பெயர், காற்று மாசின் பெயராகவும் ஒலிப்பது வருந்தத்தக்கது. ஒருவர் தம் பெயரைத் தாம் இறந்தபின் காத்துக்கொள்ள இயலாது. அதனைப் பயன்படுத்துவோரே அதன் பொருளை முடிவு செய்கின்றனர்.

பொருள் மறையும்போது பெயரும் மறையத் தொடங்கும். வாரணாசித் தொழிலகம் மின்சார எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியபின், 2020ஆம் ஆண்டு அதன் பெயரிலிருந்து டீசல் என்னும் சொல் நீக்கப்பட்டது; பனாரஸ் இரயில் எஞ்சின் தொழிலகம் என்பது அதன் புதுப்பெயர். மின்வண்டிகள் பெருகிவரும் இக்காலத்தில், "பெட்ரோலா, டீசலா?" என்னும் கேள்வியும் ஒருநாள் கேட்காமற் போகலாம். அன்று டீசல் என்பது மீண்டும் ஒரு மனிதரின் பெயராக மட்டும் நிற்கும்.

அதுவரை அச்சொல்லைச் சொல்லும்போது, அதற்குப் பின்னே மூன்று நாடுகளில் வளர்ந்து, மூன்று மொழி பேசிய ஒரு சிறுவர் இருந்தார் என்பதை நினைவிற்கொள்வோம். சொல்லின் வரலாற்றை அறிவது, அதனை நமக்குத் தந்தவருக்குச் செய்யும் நன்றியாகும்.

சொல்லும் பொருளும்

நலிந்தனர் – வலிமை குன்றினர்
காப்புரிமை – கண்டுபிடிப்பைப் பிறர் எடுத்துக்கொள்ளாதவாறு காக்கும் சட்ட உரிமை
பொறி – எந்திரம். நெருப்புத் துகள் என்னும் பொருளும் உண்டு
உந்துதண்டு – பிஸ்டன்
விகுதி – சொல்லின் இறுதியில் நிற்கும் உறுப்பு
சினை – உறுப்பு
புலம்பெயர்தல் – வாழுமிடத்தை விட்டு வேறிடம் செல்லுதல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. ரூடால்ஃப் டீசல் பிறந்த நகரம் ________.
2. காற்றை அழுத்தினால் அது ________ அடையும்.
3. 1900ஆம் ஆண்டுக் கண்காட்சியில் பொறி ________ எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது.
4. செய்தவரின் பெயர் செய்த பொருளுக்கு ஆகிவருவது ________.

ஆ. கீழ்வரும் தொடர்களில் டீசல் என்னும் சொல் மனிதர், எண்ணெய், வண்டி ஆகியவற்றுள் எதனை உணர்த்துகிறது? உணர்த்திய சொல்லை அடிக்கோடிடுக.

1. டீசல் மியூனிக்கில் கல்வி கற்றார்.
2. டீசல் பீப்பாயிலிருந்து ஒழுகியது.
3. மாமா விற்றது பெட்ரோல் வண்டி, வாங்கியது டீசல்.
4. டீசலைச் சந்தித்த பேராசிரியர் அவரைப் பாராட்டினார்.

இ. குறுவினாக்கள்

1. டீசல் பொறிக்குத் தீப்பொறி வேண்டாமைக்குக் காரணம் யாது?
2. 'கார் அறுத்தான்' என்னும் தொடரில் உள்ள ஆகுபெயரை விளக்குக.
3. 'டீசல் பொறி' என்பது ஆகுபெயர் ஆகாமைக்குக் காரணம் கூறுக.

ஈ. நெடுவினா

ஒருவரின் பெயர் பொதுச்சொல்லாகும்போது அப்பெயர் பெறுவனவும் இழப்பனவும் யாவை? டீசலின் வரலாற்றைக்கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள மின்விளக்கில் வாட் என்னும் அளவையும், பால் உறையில் பாஸ்டரைஸ்டு என்னும் சொல்லையும் தேடிக் காண்க. அவை யாருடைய குடும்பப்பெயரிலிருந்து வந்தவை என ஆசிரியரிடம் கேட்டறிந்து எழுதுக. பிரெய்ல், சாக்சபோன் என்னும் சொற்களுக்கும் அவ்வாறே செய்க.

2. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளரின் குடும்பப்பெயர் பென்னிகுயிக். தேனி மாவட்டத்து மக்கள் சிலர் நன்றியுணர்வால் அதனைத் தம் பிள்ளைகளுக்குப் பெயராகச் சூட்டியுள்ளனர். குடும்பப்பெயர் ஒன்று பொருளின் பெயராவதற்கும் குழந்தையின் பெயராவதற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் பெயரின் தலைப்பெழுத்து யாருடைய பெயரின் சுருக்கம்? அவரைப் பற்றி, அவர் வாழ்ந்த ஊரைப் பற்றி, பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக. ஒவ்வொரு தொடரின் வினைமுற்றும் திணைக்கு ஏற்ப முடிந்துள்ளதா எனச் சரிபார்க்க.